குட்டிக்காலுக்கும் வேர்க்கும்

போன மே மாசம் எங்க மாமா 12 நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை, கடைக்கு லீவும் இல்லை. செயற்கைக் காலைப் போட முடியவில்லை, அவ்வளவுதான். கால் நல்லாத்தான் இருந்தது. திருச்சி வெயில்ல அதுக்குள்ளே வேர்த்து, தோல் ஊறிப்போய், பின்பக்கம் சின்னச் சின்னக் கொப்புளமா வந்துவிட்டது. "இது காயற வரைக்கும் காலைப் போடக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். 12 நாள் சம்பளம் போச்சு.

மாமான்னா அம்மாவோட அண்ணன். வீடு ஸ்ரீரங்கம். தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ல சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, பக்கத்துல ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறார். சுகர். 2017ல் செருப்பு வார் உரசி வலது காலில் ஒரு புண் வந்தது. சுகர்ல பாதம் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை. தெரிந்தபோது லேட் ஆகிவிட்டது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மீதி இருக்கும் பகுதிக்கு ரிசர்ச் பேப்பர்ல ரெசிடுவல் லிம்ப் என்று பேர், ஆஸ்பத்திரியில் ஸ்டம்ப். மாமா அதுக்கு வைத்த பேர் குட்டிக்கால். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ஏழாவது செமஸ்டர் முடிந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்ன பண்ணலாம் என்று நாங்க மூணு பேர் முழித்துக்கொண்டிருந்தபோது இந்த 12 நாள் ஞாபகம் வந்தது. "செயற்கைக் காலுக்கு ஏசி." சொன்ன உடனே மூணு பேருக்கும் பிடித்துவிட்டது. கைடும் ஓகே சொன்னார். போஸ்டர்ல போட நல்ல தலைப்பு வேற.

முதல்ல படிக்க ஆரம்பித்தோம். செயற்கைக் காலில் குட்டிக்கால் உள்ளே உட்காரும் கிண்ணம் மாதிரியான பகுதிதான் சாக்கெட். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கிலோ கார்பன் ஃபைபரிலோ செய்வார்கள். ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து 1968ல் உருவாக்கியது. செருப்பில்லாமல் நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம், வயலில் இறங்கலாம். அதில் சாக்கெட்டை முதலில் அலுமினியத்தில் அடித்தார்கள். பிறகு எச்டிபிஇ பைப்பை, தண்ணிக் குழாய் செய்யும் அதே பிளாஸ்டிக்கை, அடுப்பில் சூடு பண்ணி பிளாஸ்டர் அச்சு மேல் இழுத்துச் செய்யும் முறைக்கு வந்தார்கள்.

சாக்கெட்டுக்கும் தோலுக்கும் நடுவில் காட்டன் சாக்ஸ் போடலாம். இல்லை என்றால் சிலிக்கான் லைனர். மாமாவின் முதல் கால் சாக்ஸ் வகை. இப்போது போடுவது லைனர் வகை. உரசல் குறைவு, பிடிமானம் அதிகம். ஆனால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மே மாசம் பூராவும் வேலை செய்வதை யோசித்துப் பாருங்கள். அதுதான் லைனர்.

சூடு எங்கே போகும்? 2007ல் வந்த ஒரு ஆய்வில் லைனர்களின் வெப்பக் கடத்துத்திறனை அளந்திருக்கிறார்கள். மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 0.08 முதல் 0.27 வாட் வரை. மரக்கட்டையும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். செம்புக்கு அது 400. அதாவது குட்டிக்காலைக் கட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. அதோடு, செயற்கைக் காலில் நடக்க நம்மைவிட அதிக சக்தி செலவாகும், அதனால் உடம்பில் உண்டாகும் சூடும் அதிகம். சூட்டை வெளியே விட வேண்டிய தோலின் பரப்போ குறைந்துவிட்டது. வேறு ஆய்வுகளில் அரை மணி நேரம் நடக்கவிட்டுப் பார்த்ததில் உள்ளே தோலின் வெப்பநிலை 2, 3 டிகிரி ஏறியிருக்கிறது. பிறகு காலைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை.

எங்களை உட்கார வைத்தது இன்னொரு எண். ஸ்வீடனில் முட்டிக்கு மேல் கால் இழந்தவர்களிடம் எடுத்து 2001ல் வெளியான ஆய்வு. வாழ்க்கையைக் கெடுக்கும் பிரச்சினை எது என்று கேட்டால், முதலிடம் சாக்கெட்டுக்குள் சூடு, வேர்வை. 72 சதவீதம் பேர். ஸ்வீடன்ல! பனி கொட்டுற ஊர்ல!

"அப்ப நம்ம ப்ராஜெக்ட்டுக்கு ஸ்கோப் இருக்கு" என்று சந்தோஷப்பட்டோம். சந்தோஷப்பட்டோம் என்று எழுத இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

டிசைன் சிம்பிள். பெல்டியர் மாட்யூல், 4 சென்டிமீட்டர் சதுரம், எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் ஜில்லுன்னு ஆகும், மறுபக்கம் சூடாகும். மாமாவின் பழைய காலை வாங்கி, சாக்கெட்டின் பின்பக்கம் ஒரு சதுரம் வெட்டி, செம்புத் தகடு பதித்து, அதன் மேல் பெல்டியர், அதன் மேல் ஹீட் சிங்க், சின்ன ஃபேன். உள்ளே இரண்டு டிஎஸ்18பி20 சென்சர். ஈஎஸ்பி32 போர்டு. 3 செல் லித்தியம் பேட்டரி. செல்போனில் கிராஃப் வரும். டேபிள் மேல் வைத்து ஆன் பண்ணினால் தகடு பத்து நிமிஷத்தில் சில்லென்று ஆகிவிடும். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டோம்.

கணக்கு அப்போதே உதைத்தது. 12 வோல்ட், 2.5 ஆம்பியர், அதாவது 30 வாட். எங்க பேட்டரி 29 வாட்-ஹவர். ஒரு மணி நேரம்கூட வராது. மாமாவுக்கு டியூட்டி காலை 9 முதல் ராத்திரி 9 வரை. எல்லாம் சேர்த்து அரை கிலோவுக்கு மேல் எடை கூடியது. காலின் அடியில் எடை கூடினால் நடக்க இன்னும் சக்தி வேண்டும், இன்னும் சூடு. இதையெல்லாம் ரிப்போர்ட்ல 'ஃபியூச்சர் ஒர்க்' தலைப்புக்குக் கீழே தள்ளினோம். அந்தத் தலைப்பு எதுக்கு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் டெஸ்ட். மனிதர்கள் மேல் எதையாவது சோதிக்க முதலில் ஒரு கமிட்டியிடம் அனுமதி வாங்கணும் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவே இல்லை. மாமா நம்ம மாமாதானே என்று நினைத்தோம். அவரும் சாக்ஸ் போட்டு, காலை மாட்டிக்கொண்டு, "என்ன மாப்ள, ராக்கெட் விடப்போறியா?" என்று சிரித்தபடி மாடியில் நடக்க ஆரம்பித்தார்.

20 நிமிஷம் கிராஃப் அழகாக வந்தது. 1.2 டிகிரி இறங்கியிருந்தது. அந்த சென்சரின் துல்லியம் பிளஸ் ஆர் மைனஸ் 0.5 டிகிரி என்பதை நாங்க யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அப்புறம் மாமா அத்தை கொடுத்த காபியை வாங்க உட்கார்ந்தார். இரண்டு பேச்சுப் பேசினார். மறுபடி எழுந்து நடந்தார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிராஃப் சமமாகப் போனது.

காலைக் கழற்றி சாக்ஸை உருவினபோது குட்டிக்காலின் பின்பக்கம் தீப்பெட்டி அளவுக்குச் சிவப்பாக இருந்தது.

உட்கார்ந்தபோது நாற்காலியில் இடித்து ஃபேன் ஒயர் கழன்றிருக்கிறது. ஃபேன் நின்றால் பெல்டியரின் சூடு வெளியே போகாது. திரும்பி உள்பக்கமே வரும். குளிர வைக்க வேண்டிய தகடு சூடாகத் தொடங்கியிருக்கிறது. ஆட்டோமேட்டிக்காக நிறுத்த கோடு எழுதியிருந்தோம், ஆனால் சென்சர் தகட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. அந்த இடத்தில் எல்லாம் நார்மல். நாங்க பாட்டுக்கு கிராஃப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, சுடலையா?"

"இல்லையே மாப்ள. ஏன்?"

அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது. சுடவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. 2017லும் அப்படித்தான் தெரியாமல் போனது.

அத்தை சத்தம் போடவில்லை. குட்டிக்காலைத் துணியால் ஒற்றிக்கொண்டே, "முட்டி ஒண்ணுதாண்டா மிச்சம் இருக்கு" என்றார். முட்டி இருக்கிறதா இல்லையா என்பதில் ஒருத்தர் நடையே மாறிவிடும் என்று நான் பத்து பேப்பரில் படித்திருந்தேன். அத்தைக்கு அந்தப் பேப்பர் எதுவும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலமே அவரை டாக்டரிடம் கூட்டிப்போனோம். புண் ஆகவில்லை. சிவப்பு மறுநாள் போய்விட்டது. ஆனால் ஒரு வாரம் தினமும் காலையில் மாமா எழுந்ததும் குட்டிக்காலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் காலேஜுக்குக் கிளம்பினேன்.

அந்த வாரம் லேபில் யாரும் எதையும் தொடவில்லை. ஒரு நாள் ஹாஸ்டல் மெஸ்ஸில் மண்பானைத் தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது டீம்ல ஒருத்தன் கேட்டான்: "இதுக்கு எத்தனை வாட்?"

பானைக்கு ஏது வாட். உள்ளே இருக்கும் தண்ணி நுண்ணிய துளை வழியாகக் கசிந்து வெளிச்சுவரில் காய்கிறது. காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதே தண்ணியை பிளாஸ்டிக் குடத்தில் வைத்தால் ஜில்லுன்னு ஆகாது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1 கிராம் வேர்வை காய்ந்தால் தோலிலிருந்து சுமார் 2400 ஜூல் போகும். 10 வாட் சூட்டை இழுக்கும் ஒரு கூலர் 4 நிமிஷம் ஓடுவதற்குச் சமம். மாமா சாயங்காலம் லைனரைக் கவிழ்த்தால் இரண்டு டீஸ்பூன் தண்ணியாவது ஊற்றும். அந்த 10 கிராமும் காய்ந்திருந்தால்? 40 நிமிஷக் கூலர். பேட்டரி இல்லாமல், ஃபேன் இல்லாமல், சுடாமல்.

அதாவது மாமாவின் உடம்பு தன் ஏசியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. நாமதான் அதை பிளாஸ்டிக் குடத்துக்குள் போட்டு மூடிவிட்டோம். காய வழியில்லாத வேர்வை குளிர வைக்காது, ஊற மட்டும் வைக்கும். ஊறிய தோல் வழுக்கும், உரசும், கொப்புளம் வரும், பூஞ்சை வரும்.

இன்னொன்றும் புரிந்தது. ஏசி போட்ட லேபில் செய்யும் ஆய்வுகளில் வெளியே 22, 23 டிகிரி என்றால் தோலிலிருந்து சூடு தானாக வெளியே ஓடப் பார்க்கும். சுவரை நல்ல கடத்தியாக மாற்றினால் அங்கே உதவும். திருச்சியில் வெளியே 40. தோல் 35. சூடு ஓடும் திசையே தலைகீழ். செம்புத் தகடு வைத்தால் வெயிலைத்தான் உள்ளே கூட்டி வரும். உருகும்போது சூட்டை உறிஞ்சும் பொருள் கலந்த லைனர்கள்கூட விற்கிறார்கள். நம்ம தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்து, 24 டிகிரி தாண்டினால் உருகுகிற மாதிரி. ஆனால் ஒருமுறை உருகிவிட்டால் மறுபடி உறையும்வரை அதுக்கு வேலை கிடையாது. மே மாசம் நம்ம வீட்டுக் கொடியில் தொங்கும் லைனர் எப்போது உறையும்? வெளியே தோலைவிடச் சூடாக இருக்கும்போது இயற்கையாக மிச்சம் இருக்கும் ஒரே வழி, வேர்வை காய்வதுதான். அதற்காகச் சின்னத் துளைகள் போட்ட லைனர்களும் வந்துவிட்டன. விலையைப் பார்த்துவிட்டு டேபை மூடிவிட்டோம்.

அப்புறம்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "மாமா, கடையில் வேர்த்தா என்ன பண்ணுவீங்க?"

"பாத்ரூம் போவேன்."

கடையில் இருப்பது இந்தியன் டாய்லெட். உட்கார எதுவும் இல்லை. மாமா கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் சுவரில் சாய்ந்து நின்று, காலைக் கழற்றி மூலையில் சாத்தி, லைனரை உருவி, வேர்வையைக் கொட்டி, கர்சீப்பால் துடைத்து, மறுபடி மாட்டுவார். தரை எப்போதும் ஈரம். இரண்டு தடவை வழுக்கப் பார்த்திருக்கிறார். வெளியே யாராவது கதவைத் தட்டினால் ஈரத்தோடே மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போவார். ரொம்ப வேர்த்தால் சாயங்காலம் வரை தாங்கிக்கொள்வார்.

"கவுன்டர்லயே உட்கார்ந்து கழட்டித் துடைக்கலாமே மாமா? முதலாளிக்குத் தெரியும்ல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முதலாளிக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியாது மாப்ள. இப்ப நான் பில் போடற ஆளு. காலைக் கழட்டி வெச்சேன்னா, கால் இல்லாத ஆளு ஆயிடுவேன்."

நாங்க அளந்த எதிலும் இது வரவில்லை.

மார்ச்சில் பெல்டியரைக் கழற்றிப் போட்டோம். சென்சர்களை மட்டும் வைத்துக்கொண்டோம், சூடாக்கவோ குளிர வைக்கவோ எதுவும் இல்லாமல், வெறுமனே அளக்க. இந்தத் தடவை காலேஜில் எழுத்தில் அனுமதி கேட்டோம், மாமாவுக்குக் கால் செய்துகொடுத்த டெக்னீஷியனிடமும் காட்டினோம். அவர்தான் பாதி விஷயம் சொன்னார். லைனரை தினமும் ராத்திரி மைல்டு சோப்பில் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்கணும், பகலில் நடுவே கழற்றித் துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்டணும், கையில் காய்ந்த துணி எப்போதும் இருக்கணும். "இதெல்லாம் எல்லாருக்கும் சொல்றதுதான் தம்பி. யாரு செய்ய முடியுது?" என்றார்.

அளந்ததில் காலை முழுக்க உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் மாமா கவுன்டரில் உட்கார்ந்தே இருந்தாலும் இறங்கவில்லை. காலைக் கழற்றி, ஃபேன் காற்றில் பத்து நிமிஷம் வைத்தால் ஏறினதில் பெரும்பகுதி இறங்கிவிட்டது. ஒரே ஒரு ஆள், ஒரு வாரம். ஆய்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்த கிராஃபை பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு அவரே முதலாளியிடம் பேசினார். பேச இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். நான் பேசட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது கடைக்குப் பின்னாடி பெயின்ட் டப்பா அடுக்கும் ரூமில் கை வைத்த பிளாஸ்டிக் சேர் ஒன்று, டேபிள் ஃபேன் ஒன்று, துண்டு மாட்ட ஒரு ஆணி. 11.30க்கும் 4 மணிக்கும் பத்துப் பத்து நிமிஷம். கதவுக்கு உள்தாழ் போட்டது மாமாவே, கடை ஸ்டாக்கிலிருந்து, தன் பேரில் பில் போட்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பஸ்ஸில் இன்னும் கழற்ற மாட்டார். கல்யாண வீட்டில் மாட்டார். ஏப்ரல் பரவாயில்லை, மே இன்னும் வரவில்லை.

ரிவ்யூவில் எக்ஸ்டெர்னல் கேட்டார்: "தலைப்புல கூலிங்னு இருக்கு, கூலர் எங்கப்பா?" சிவப்புத் தழும்பின் போட்டோவைக் காட்டினோம். ஃபேன் ஒயர், சென்சர் தூரம், அனுமதி கேட்காதது எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் தனி அத்தியாயமாக எழுதியிருந்தோம். அதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று மூணு பேருக்குள் ஒரு ராத்திரி பூரா சண்டை. மார்க் போய்விடும் என்று முதலில் சொன்னவன் நான்தான். அத்தை சொன்ன வாக்கியம் ஞாபகம் வந்ததும் அடங்கிவிட்டேன். மார்க் சுமார்தான் வந்தது.

அடுத்த பேட்ச்ல யாராவது இதை எடுக்கணும்னா, சென்சர், போர்டு, கோடு எல்லாம் ப்ராஜெக்ட் லேப் மூணாவது அலமாரியில் இருக்கிறது. பழைய சாக்கெட்டும் இருக்கிறது, பின்னாடி சதுரமாக வெட்டியிருக்கும். லைனருக்குள் வேர்வை காய ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்தால், பிடிமானமும் போகாமல், விலையும் ஏறாமல், அது உண்மையிலேயே பெரிய வேலை. மாமா மே மாசம் மறுபடி அளக்கத் தயார் என்று சொல்லியிருக்கிறார். போவதற்கு முன்னாடி அனுமதி வாங்கிவிடுங்கள். ஏதாவது மாட்டுவதற்கு முன்னாடி, அவர் ஒரு நாள் எங்கெங்கே உட்கார்கிறார் என்று கேளுங்கள். பெல்டியர் மாட்யூலை மட்டும் அலமாரியில் வைக்கவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.